கீழ்ப்பழனி மலையில் வறண்ட சரிவு: விராலி வைக்கலாமா?

பெரும்பாறைமேடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பெரும்பாறைக்குச் சற்று மேலே, தாண்டிக்குடி போகிற பாதையில் இருக்கிறது. வீட்டை ஒட்டிக் கிழக்குப் பார்த்த சரிவு ஒன்று சும்மா கிடக்கிறது. காப்பி வைக்கிற அளவுக்கு நிழலும் இல்லை, ஈரமும் இல்லை, ஒரு முழம் தோண்டினால் கப்பிக்கல்தான். ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை கிடைக்கும், ஆனால் தை பிறந்ததும் காற்று ஆரம்பித்துவிடும், அப்புறம் கோடை மழை வரும் வரைக்கும் மண் சுட்டு ஓடாகக் கிடக்கும். வீட்டுக்கே தண்ணீர் அளந்துதான் செலவு செய்கிறோம், செடிக்கு ஊற்ற மிச்சம் இருக்காது.

எனக்கு வேண்டியது வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, இடுப்புயரம் ஆள் உயரத்துக்குப் புதராக வளர்கிற, கோடையில் தண்ணீர் கேட்காத, இந்த மலைக்கே சொந்தமான ஒரு செடி. நர்சரியில் கேட்டால் துராந்தா வையுங்கள், சைப்ரஸ் வையுங்கள் என்கிறார்கள். ஆனால் சித்தரேவிலிருந்து மலையேறும் சாலையோரத்தில் விராலி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பங்குனி வெயிலில் பக்கத்து மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது அது மட்டும் எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று இருக்கும். அதை வீட்டுப் பக்கம் வைத்து வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மா, காட்டுச்செடியை யாராவது வீட்டுக்குக் கொண்டுவருவார்களா என்கிறார்.

மலைவாழை:

தாராளமாக வையுங்கள் தம்பி. நான் பண்ணைக்காடு. எங்கள் தோட்டத்தின் மேற்கு எல்லை முழுக்க விராலிதான், காற்றைத் தடுக்கத்தான் முதலில் வைத்தோம், இப்போது அதுதான் தோட்டத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்கள் காலத்தில் கூரைக்கு வரிச்சுக் கட்டவும் பட்டிக்குப் படல் பின்னவும் இந்தக் குச்சியைத்தானே வெட்டிக்கொண்டு வந்தார்கள். சுளுக்குக்கு இலையை வதக்கிக் கட்டாத வீடு எது?

அந்தப் பளபளப்பு சும்மா அழகுக்கு இல்லை. இலைமேல் பிசின் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், விரலில் ஒட்டும். அது இலையிலிருந்து ஈரம் போவதைக் குறைக்கிறது. ஆடும் மாடும் வாய் வைக்காமல் போவதற்கும் அந்தப் பிசினும் கசப்பும்தான் காரணம், வேறு எதுவுமே இல்லாத பஞ்ச காலத்தில் வேண்டுமானால் ஆடு நுனியைக் கடிக்கும். பூவந்திக்கொட்டை குடும்பத்துச் செடி, லிச்சிப் பழமும் அதே குடும்பம்தான் என்றால் நம்பமாட்டீர்கள்.

விதையிலிருந்தே ஆரம்பியுங்கள். காட்டில் நிற்கிற செடியைப் பிடுங்கி வைத்தால் வராது, வேர் ஆழமாகப் போய்ப் பாறை இடுக்கில் சிக்கியிருக்கும், பிடுங்கும்போதே அறுந்துவிடும். மாசி பங்குனியில் இறக்கை வைத்த காய்கள் சிவந்து, அப்புறம் காய்ந்து பழுப்பாகும், காகிதம் மாதிரி சலசலக்கும். அதைக் கையால் கசக்கி முறத்தில் புடைத்தால் கறுப்பாகச் சின்ன விதை விழும். அந்த விதையின் தோல் கெட்டி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணில் சும்மா கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதைமேல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். அடுப்பிலேயே வைத்து வேகவிட்டால் செத்துப்போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் உப்பியிருக்கிறதை எடுத்து விதையுங்கள், உப்பாததற்கு இன்னொரு முறை வெந்நீர் காட்டலாம். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும்.

சீகூர்ச்சரிவு:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் நீலகிரியில் மசினகுடிப் பக்கம். எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும், ஆனி ஆடியில் கூடலூரில் கொட்டித் தீர்க்கிற மழை மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது தூறலாகிவிடும். மழை மறைவுப் பிரதேசம். இங்கே விராலியை யாரும் நட வேண்டியதே இல்லை, உண்ணிச்செடியை வெட்டி அப்புறப்படுத்தி இரண்டு மழை பார்த்தால் சில இடங்களில் தானாகவே வருகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நடுகிற காலம். இந்தச் செடிக்கு நீங்கள் எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்பதைவிட எந்த மாதம் மண்ணில் வைக்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழ்ப்பழனிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம், அது அக்டோபர் 20ஐ ஒட்டி ஆரம்பிக்கும். முதல் இரண்டு மழை பெய்து மண் ஒரு சாண் ஆழம் நனைந்த உடனே வைத்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி வரை வேர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், மேலே ஒன்றும் வளர்ந்த மாதிரி தெரியாது, அதைப் பார்த்து யூரியா போடலாமா என்று யோசிக்கக் கூடாது. தை மாதம் காற்று வரும்போது வேர் கப்பிக்குள் நுழைந்திருந்தால் பிழைத்தது. மார்கழிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் நீங்கள் குடம் குடமாக ஊற்றினாலும் கஷ்டம்தான்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஐப்பசியில் நட வேண்டும் என்றால் வைகாசியில் பையில் விதைக்க வேண்டும், மாசி பங்குனியில் விதை எடுத்து வைத்திருக்க வேண்டும். கன்று ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். பெரிய கன்று சீக்கிரம் புதராகும் என்று நர்சரியில் இடுப்பளவு செடியைத் தலையில் கட்டுவார்கள், வாங்க வேண்டாம், பைக்குள் வேர் சுருண்டு வளையமாகிவிட்டிருக்கும், அது பாறை மண்ணில் நேராக இறங்கவே இறங்காது. சின்னக் கன்று இரண்டாம் வருஷத்தில் அதைத் தாண்டிவிடும்.

உதகைக்குளிர்:

எல்லோரும் ஒரே குரலில் விராலி விராலி என்கிறீர்கள், படிக்கிறவர்களில் மேல்மலைக்காரர்களும் இருப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊட்டி மாதிரி 2200 மீட்டர் உயரத்தில், அதுவும் பள்ளத்தில் வீடு இருந்தால் இதை நம்பி வேலி போடாதீர்கள். மார்கழி தையில் பள்ளத்தில் உறைபனி இறங்கிப் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். லேசான பனியை வளர்ந்த செடி தாங்கும், இளங்கன்றின் குருத்து கருகிவிடும். மேட்டில், காலை வெயில் முதலில் விழுகிற இடத்தில் வைத்தால் பிழைக்கலாம். ஆனால் அந்த உயரத்துக்கென்றே சொந்தச் செடிகள் இருக்கும்போது ஏன் இதை வற்புறுத்த வேண்டும்?

எங்கள் உயரத்துக்கு ஊசிக்களாவும் தவிட்டுப்பழமும்தான். ஊசிக்களா முள் செடி, மஞ்சள் பூ, கருநீலப் பழம், கொண்டைக்குருவிகள் அதைத் தேடி வரும், ஆள் புகாத வேலி. தவிட்டுப்பழத்துக்கு இளஞ்சிவப்புப் பூ, இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக மெத்தென்று இருக்கும், பழத்தைக் குழந்தைகள் பறித்துத் தின்னலாம். மூன்றையும் அந்தந்த உயரத்தில் பிரித்து வைப்பதுதான் நியாயம். கொடைக்கானல் டவுனுக்கும் இதையேதான் சொல்வேன்.

மலைவாழை:

உதகைக்குளிர் அண்ணா, நீங்கள் சொல்வது மேல்மலைக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். தம்பி இருப்பது பெரும்பாறைக்கு மேலே, அங்கே உறைபனிப் பிரச்சினை கிடையாது. தவிட்டுப்பழத்தை அந்தக் கப்பிச் சரிவில் வைத்தால் முதல் கோடையே தாண்டாது.

தேயிலைக்கொழுந்து:

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் அனுபவத்தில் எந்தச் செடியாக இருந்தாலும் முதல் இரண்டு வருஷம் சொட்டுநீர் போட்டுவிட்டால் கவலையில்லை. ஒரு செடிக்கு ஒரு சொட்டுவான், வாரம் இரண்டு தடவை திறந்துவிட்டால் முடிந்தது. தண்ணீர் இல்லை என்று சொல்கிறீர்கள், சமையலறைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவிட்டால் போதுமே. வறட்சி தாங்கும் செடி என்பதற்காகக் காய விட்டுத்தான் வளர்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

சீகூர்ச்சரிவு:

கொழுந்து சார், உங்கள் தேயிலைக்கு அது பொருந்தும். விராலிக்கு வாரம் இரண்டு தடவை சொட்டுநீர் கொடுத்தால் வேர் ஈரம் இருக்கிற மேல் மண்ணிலேயே படர்ந்துவிடும், கீழே போக அதற்கு அவசியமே இல்லையே. மூன்றாம் வருஷம் குழாயைக் கழற்றினவுடன் சரிந்துவிடும். இன்னொன்று, இந்தச் செடிக்கு வறட்சியைவிட வேரில் தேங்குகிற ஈரம்தான் எதிரி. எங்கள் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் புல்வெளி ஓரமாக வரிசையாக வைத்தார்கள், புல்லுக்குத் தினமும் தெளிப்பான் ஓடும், இரண்டாவது மழைக்காலத்தில் பாதிக்கு மேல் வேர் அழுகிப் போயின. அதே செடி அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாறைமேல் யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறது.

என் வழக்கம் இதுதான். முதல் வருஷம் தை முதல் கோடை மழை வரை, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, செடிக்கு ஒரு குடம் தண்ணீரை மெதுவாக, ஓடாமல், உள்ளே இறங்கும்படி ஊற்றுவது. இடையில் இலை கொஞ்சம் சுருண்டு தொங்கினாலும் பதறக் கூடாது. இரண்டாம் வருஷம் மழை ரொம்பப் பொய்த்தால் ஒழிய ஒன்றும் கிடையாது.

தேயிலைக்கொழுந்து:

வேர் விஷயம் புரிகிறது. ஆனால் எல்லோராலும் சரிவில் குடம் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, வயசானவர்கள் இருக்கிற வீடு என்றால்? அதற்குச் சொட்டுநீரையே பத்து நாளைக்கு ஒரு தடவை, நீண்ட நேரம் திறந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளலாமே.

சீகூர்ச்சரிவு:

அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. இடைவெளி விட்டு, ஆழமாக. குழாயா குடமா என்பது அவரவர் வசதி.

பெரும்பாறைமேடு:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி, அக்காவின் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், படல் பின்னின கதையை அவரே ஆரம்பித்துவிட்டார். இன்னும் சில சந்தேகம். சரிவில் குழி எப்படி எடுப்பது, தண்ணீர் தேங்கக் கூடாது என்கிறீர்கள், ஓடிப்போகவும் கூடாதே? அடர்த்தியாக வர எவ்வளவு இடைவெளி? காட்டுமாடு வந்து போகிற இடம், இந்த வேலி தடுக்குமா? நர்சரியில் ஊதா இலை விராலி என்று ஒன்று காட்டினார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை வாங்கலாமா?

மலைவாழை:

காட்டுமாட்டை விராலி தடுக்காது தம்பி. அதற்குத் தோன்றினால் கல்வேலியையே தள்ளிக்கொண்டு வரும், குச்சிச் செடி எந்த மூலைக்கு. காற்று, தூசி, சாலைப் பார்வை இதற்கெல்லாம் மறைப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். நட்ட முதல் வருஷம் மட்டும் முள்ளுக்கொம்பு வெட்டிக் கன்றைச் சுற்றிப் போட்டால் ஆடும் மாடும் மிதிக்காமல் இருக்கும்.

குழி ஒரு முழ அளவுக்குப் போதும். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் அரைவட்ட வரப்பாகப் போடுங்கள், மேலிருந்து வருகிற தண்ணீர் அதில் நின்று இறங்கும். ஆனால் கன்றை அந்தப் பள்ளத்தின் நடுவில் வைக்காமல் மேல் ஓரத்தில், கொஞ்சம் மேடாக வையுங்கள், அப்போது ஈரம் பக்கத்தில் இருக்கும், அடித்தண்டு தண்ணீரில் நிற்காது. குழிக்குள் சாணி உரத்தை அள்ளிப் போட்டு நிரப்பக் கூடாது, எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். உரம் கூடினால் தண்டு நெடுநெடுவென்று இளசாகப் போய்த் தைக் காற்றில் முறியும். சில்வர் ஓக் சருகு கிடைத்தால் சுற்றிலும் பரப்பலாம், தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளி.

வேலிக்கு இரண்டரை மூன்று அடிக்கு ஒன்று. தனிப் புதராக அகலமாக வேண்டும் என்றால் ஆறடி. விட்டால் எட்டுப் பத்தடி வரை போகும், சில இடத்தில் சின்ன மரமாகவே நிற்கும்.

சீகூர்ச்சரிவு:

ஊதா இலை பற்றி நான் சொல்கிறேன். விராலி, அதாவது டோடோனியா விஸ்கோசா, நம் ஊரில் மட்டும் இருக்கிற செடி இல்லை. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஹவாய், நியூசிலாந்து, அமெரிக்கக் கண்டம் என்று வெப்ப நாடுகளிலும் மிதவெப்ப நாடுகளிலும் பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையர்கள் பீர் காய்ச்ச, அதற்குக் கசப்புக் கொடுக்கிற ஹாப்ஸ் பூ கிடைக்காமல் இதன் காயைப் போட்டுக் காய்ச்சினார்களாம், இப்போதும் அங்கே இதை ஹாப் புஷ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நர்சரியில் விற்கிற ஊதா இலை வகை நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கே குளிர், மிதமான கோடை. கப்பி மண்ணும் நான்கு மாத வறட்சியும் பழகின பெரும்பாறை விராலியும் அதுவும் பெயரளவில்தான் ஒன்று. நம் மலைச்சரிவில் பல தலைமுறையாக இந்த வெயிலைத் தாங்கித் தேறி வந்த செடியின் விதை இருக்கும்போது, தூரத்திலிருந்து வந்ததை வாங்கி வைத்து, அதன் மகரந்தம் காற்றில் நம் காட்டு விராலியோடு கலக்க விடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. காற்றில்தான் இதற்கு மகரந்தச் சேர்க்கை, பக்கத்தில் காடு இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

விதையை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் போய் எடுக்காதீர்கள், அனுமதி இல்லாமல் விதை, காய் எது எடுத்தாலும் சட்டப்படி குற்றம். பட்டா நிலத்து வரப்பில் நிற்கிற செடியில், சொந்தக்காரரிடம் கேட்டு எடுங்கள். ஒரே செடியில் உருவாமல் பத்துப் பதினைந்து செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கன்றுகளும் பலவகையாக வரும்.

உதகைக்குளிர்:

இதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி என்பதை யாரும் சொல்லவில்லையே. இரண்டும் ஒரே செடியில் இருப்பதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் தனித்தனிதான். ஆண் செடியில் அந்தச் சிவப்பு இறக்கைக் காய் வராது. ஏன் சிலது காய்க்கவே இல்லை என்று பிற்பாடு கேட்காதீர்கள். பூ இரண்டிலுமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, இதழே கிடையாது, தேனும் பெரிதாக இல்லை. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஏதாவது வேண்டும் என்றால் இடையிடையே ஆவாரை வையுங்கள், அந்த உயரத்தில் வெயில் படுகிற இடமாக இருந்தால் வரும். மஞ்சள் பூவும் கிடைக்கும், சில வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு அந்த இலைதான் சாப்பாடு.

தேயிலைக்கொழுந்து:

ஆவாரை யோசனை நன்றாக இருக்கிறது. ஒரு விஷயம் கேட்கிறேன், விராலி பச்சையாகவே தீப்பிடிக்கும் என்று எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெரியவர் சொல்வார். மாசி பங்குனியில் மலையில் தீ வருகிற ஊரில் வீட்டை ஒட்டி இதை வைக்கலாமா?

மலைவாழை:

நல்ல கேள்வி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. பெரியவர் சொன்னது உண்மை. இலையில் இருக்கிற அந்தப் பிசின் பற்றிக்கொள்ளும், அதனால்தான் விறகுக்கும் சூளைக்கும் விரும்பி வெட்டினார்கள். சுவரை ஒட்டியோ, விறகடுப்புக் கொட்டகை பக்கமோ, காஸ் சிலிண்டர் வைக்கிற இடத்திலோ வைக்கவே கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது முப்பதடி தள்ளி வையுங்கள், நடுவில் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக ஒரு பாதை விட்டுவிடுங்கள், தை மாதமே காய்ந்த குச்சியெல்லாம் கழித்துவிடுங்கள். உங்கள் சரிவு காட்டுப் பக்கம் தொடுகிறது என்றால் கடைசி வரிசையை எல்லையிலேயே வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள்.

வெட்டுவதைப் பற்றி: கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து அடியிலிருந்தே அடர்த்தியாகும். அப்புறம் வருஷம் ஒரு தடவை, காய் உதிர்ந்த பிறகு, கோடை மழையை ஒட்டி லேசாக வெட்டுங்கள். இலையே இல்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டினால் பல சமயம் மறுபடி தளிர்க்காது. தேயிலையைக் கவாத்து செய்கிற கையோடு இதில் இறங்கக் கூடாது என்று கொழுந்து சாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரும்பாறைமேடு:

வீட்டிலிருந்து சரிவின் கீழ்ப் பாதி முப்பதடிக்கு மேலேயே இருக்கிறது, அங்கே இரண்டு வரிசை விராலி, நடுவில் ஆவாரை என்று முடிவு செய்துவிட்டேன். ஊதா இலை வேண்டாம். பக்கத்துக் காப்பித் தோட்டத்து வரப்பில் பத்துப் புதர் நிற்கிறது, சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன், மாசியில் வந்து எடுத்துக்கொள் என்றார். கடைசியாக ஒன்று, வைகாசியில் பையில் விதைத்தால் ஐப்பசி வரை பைகளை எங்கே வைப்பது? நிழல்வலை வாங்க வேண்டுமா?

சீகூர்ச்சரிவு:

வாங்க வேண்டாம். முளைக்கிற வரைக்கும் மரநிழல் போதும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின இலை அரைப் பங்கு, பையின் அடியில் ஓட்டை கட்டாயம். நாலு இலை வந்ததும் காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள், புரட்டாசியில் முழு வெயிலுக்கே கொண்டுபோய்த் தண்ணீரையும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆக்குங்கள். பைகளை வெறும் தரையில் வைத்தால் வேர் அடியில் துளைத்து மண்ணுக்குள் போய்விடும், எடுக்கும்போது அறும், அதனால் கல்மேல் அடுக்குங்கள். ஒரு பைக்கு மூன்று விதை போட்டு நல்லதாக ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் இருப்பதன் வேரும் அசையும்.

மலைவாழை:

மாசியில் விதை போதவில்லை என்றால் பண்ணைக்காடு வாருங்கள் தம்பி, எங்கள் வேலியில் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவையும் அழைத்து வாருங்கள், படல் பின்னத் தெரிந்தவர்கள் இப்போது எங்கள் ஊரில் இல்லை, எனக்குக் கற்றுக்கொள்ள ஆசை.